வந்தவர் குரலும் வாயிற் சட்டமும்

பிழைப்புத் தேடித் தாய்நாட்டை விட்டுச் செல்லும் மக்கள் தம்முடன் கொண்டு செல்வன மிகச் சில. ஒரு பெட்டி, சில உடைகள், தெரிந்தவர் முகவரி எழுதிய ஒரு தாள். பெரும்பாலும் இவ்வளவே அவர்தம் உடைமை. ஆனால் பத்து இருபது ஆண்டுகள் கழித்து அவர்கள் குடியேறிய ஊர்களுக்குச் சென்று பார்த்தால், அங்கே சங்கங்கள் தோன்றியிருக்கும், பத்திரிகைகள் நடைபெறும், கூட்டங்களும் ஊர்வலங்களும் நிகழும். உழைக்க வந்தவர்கள் அரசியல் பேசத் தொடங்கியிருப்பார்கள்.

அவ்வரசியல் எல்லா இடங்களிலும் ஒரே வகையாக இருப்பதில்லை என்பதுதான் வியப்பு. ஒரு நாட்டில் வந்தவர்கள் அந்நாட்டுப் பார்லிமெண்டை நோக்கித் தம் குறைகளைக் கூறுகின்றனர். மற்றொரு நாட்டில், விட்டு வந்த தாயகத்தின் கட்சிச் சண்டைகளையே நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கின்றனர். வேறொரு நாட்டில் பல்லாண்டுகள் வாய் திறவாதிருந்து, பின்பு திடீரென வீதியில் இறங்கி விடுகின்றனர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

கேட்டவுடன் பலரும் சொல்லும் விடை ஒன்றுண்டு. "அஃது அந்தந்த மக்களின் இயல்பு, இவர்கள் சண்டைக்காரர், அவர்கள் ஒதுங்கி வாழ்பவர், மற்றவர் பழைய ஊரை மறவாதவர்" என்பதே அது. இவ்விடை எளிதானது. ஆயினும் வரலாற்றை ஊன்றிப் பார்ப்பவர்க்கு இது போதாது. வந்தவர்களின் இயல்பை ஆராய்வதற்கு முன், அவர்களை உள்ளே விட்ட வாயிலின் சட்டத்தை ஆராய்தல் வேண்டும். இதனை ஐரோப்பாவின் மூன்று நாடுகளைக் கொண்டு இன்று விளக்க முயல்கின்றேன்.

இரண்டாம் உலகப் போர் 1945-ஆம் ஆண்டில் முடிந்தபோது ஐரோப்பாவின் நகரங்கள் பல இடிந்து கிடந்தன. சுரங்கத்தில் நிலக்கரி வெட்டவும், இரும்பு உருக்கவும், வீடு கட்டவும், பஸ் ஓட்டவும், மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பேணவும் ஆட்கள் போதவில்லை. பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, பிரான்சு ஆகிய மூன்று நாடுகளும் வெளியிலிருந்து வந்த உழைப்பாளரைக் கொண்டே அக்குறையை நிரப்பின. தேவை மூன்றுக்கும் ஒன்றே. ஆனால் வந்தவரை எந்தப் பெயரிட்டு அழைப்பது, எந்த உரிமையைக் கொடுப்பது என்பதில் மூன்றும் மூன்று வழிகளிற் சென்றன.

முதலில் பிரிட்டனைப் பார்ப்போம். 1948-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டில்பரித் துறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை இறக்கிற்று. அவர்களுட் பெரும்பாலோர் ஜமைக்கா, டிரினிடாட் முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. ஏனெனில் அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். அடுத்த மாதமே பார்லிமெண்டு நிறைவேற்றி, 1949 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் தேசிய இனச் சட்டம் இந்நிலையை எழுத்திற் பொறித்தது. ஜமைக்காவிற் பிறந்தவரும் லண்டனிற் பிறந்தவரும் ஒரே குடியுரிமைக்கு உரியவராயினர். விடுதலை பெற்ற இந்தியா, பாகிஸ்தான் முதலிய காமன்வெல்த் நாட்டு மக்களும் அங்கே சென்று வாழலாம், வாழ்ந்தால் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்களிக்கலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். அங்கே முறையாக வாழும் காமன்வெல்த் குடிமக்களுக்கு இவ்வாக்குரிமை இன்றளவும் உண்டு.

உரிமை ஏட்டில் இருந்தது. ஆனால் வீட்டு வாயிலில் இல்லை. நிறத்தைக் காட்டி வாடகைக்கு இடம் மறுத்தனர், வேலை மறுத்தனர். 1958-ஆம் ஆண்டில் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் மேற்கிந்தியர்கள் தாக்கப்பட்டனர். இக்கொடுமைகளை எதிர்த்து எழுந்த குரலின் தன்மையை நாம் கவனித்தல் வேண்டும். "எங்களைக் குடிமக்களாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் இரக்கவில்லை. "நாங்கள் குடிமக்கள்; சட்டத்தில் உள்ளது தெருவில் ஏன் இல்லை?" என்று வழக்குரைத்தனர்.

பிரிஸ்டல் நகரின் நிகழ்ச்சி இதற்குச் சிறந்த சான்று. அந்நகரப் பஸ் கம்பெனி கறுப்பரையும் ஆசியரையும் ஓட்டுநராகவோ கண்டக்டராகவோ சேர்ப்பதில்லை. 1963-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், பால் ஸ்டீவன்சன் என்ற இளைஞரின் முன்னிலையில் மேற்கிந்தியர்கள் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தனர். பல்கலைக்கழக மாணவர்கள் உடன் நின்றனர். கிரிக்கெட்டு வீரராகப் புகழ் பெற்று, அப்போது டிரினிடாட் நாட்டின் ஹைகமிஷனராக லண்டனில் இருந்த லியரி கான்ஸ்டன்டைன் ஆதரவு தந்தார். எதிர்க்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சனும் ஆதரித்தார். நான்கு மாதங்களில், ஆகஸ்டு 28-ஆம் நாள், கம்பெனி தன் தடையை நீக்கியது. அடுத்த மாதம் நிறத்தடை நீங்கிய பின் முதற் கண்டக்டராக வேலையில் அமர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். இரண்டாண்டுகளில், 1965-இல், பொது இடங்களில் நிறவேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் முதற் சட்டம் பிறந்தது. 1968-இல் அது வேலைக்கும் வீட்டுக்கும் விரிந்தது. வந்தவர்களின் குரல் பார்லிமெண்டின் செவியில் விழுந்ததற்கு ஒரு காரணம், அக்குரலுக்கு வாக்குச் சீட்டும் உண்டு என்பதாகும்.

இந்தியர்களும் வாளாவிருக்கவில்லை. கவெண்ட்ரி நகரில் 1938-இலேயே இந்தியத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் நோக்கம் இந்திய விடுதலை. விடுதலைக்குப் பின், பல ஊர்ச் சங்கங்கள் 1958-இல் நாடு தழுவிய ஓர் அமைப்பாக இணைந்தபோது, அதன் வேலை தொழிற்சாலைக் கூலியும், நிறவேற்றுமை எதிர்ப்பும், குடியேற்றச் சட்ட எதிர்ப்புமாக மாறியது. தாய்நாட்டை நோக்கியிருந்த முகம் வாழும் நாட்டை நோக்கித் திரும்பியது.

நிற்க. பிரிட்டன் தன் வாயிலை எப்போதும் திறந்தே வைத்திருந்தது என்று எண்ணிவிடலாகாது. 1962-ஆம் ஆண்டுச் சட்டம் வேலைச் சீட்டு இல்லாத காமன்வெல்த் நாட்டாரைத் தடுத்தது. அதுவரை வருவதும் போவதுமாக இருந்த ஆடவர் பலர், "இனிப் போனால் திரும்ப முடியாது" என்று அஞ்சி அங்கேயே தங்கி, மனைவி மக்களை வரவழைத்துக் கொண்டனர். வருகையைக் குறைக்க வந்த சட்டம் குடும்பங்களை நிலைபெறச் செய்தது. 1968, 1971-ஆம் ஆண்டுச் சட்டங்கள் வாயிலை மேலும் குறுக்கின. அதன் பயனாகப் போராட்டத்தின் பொருளும் மாறியது. பஸ்ஸையும் வாடகை வீட்டையும் பற்றிப் பேசியவர்கள், இப்போது பிரிந்த குடும்பங்களைப் பற்றியும் விமான நிலையச் சோதனைகளைப் பற்றியும் பேசலாயினர்.

அடுத்து மேற்கு ஜெர்மனிக்குச் செல்வோம். அந்நாட்டு அரசாங்கம் 1955-இல் இத்தாலியுடனும், 1960-இல் ஸ்பெயின், கிரீஸ் நாடுகளுடனும், 1961-இல் துருக்கியுடனும், பின்னர் மொராக்கோ, போர்த்துகல், துனீசியா, யூகோஸ்லாவியா ஆகியவற்றுடனும் ஒப்பந்தங்கள் செய்து ஆள் எடுத்தது. இவ்வாறு வந்தவர்க்கு மக்கள் இட்ட பெயர் 'விருந்தினத் தொழிலாளர்' என்பது. நம் நாட்டில் "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று ஒரு பழமொழி உண்டு. ஜெர்மானியரின் கருத்தும் ஏறக்குறைய அதுவே. துருக்கியரோடு செய்த முதல் ஒப்பந்தத்தில் ஒருவர் இரண்டாண்டுகளே தங்கலாம் என்ற வரையறை இருந்தது. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புதிய ஆளைப் பழக்குவது நட்டம் என்று முதலாளிகள் முறையிட, 1964-இல் அவ்வரையறை நீக்கப்பட்டது.

அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் கோலோன் நகர்ப் புகைவண்டி நிலையத்தில் ஒரு விழா நடைபெற்றது. போர்த்துகலிலிருந்து வந்து இறங்கிய அர்மாந்தோ ரொட்ரிகெஸ் என்ற தச்சர், பத்து இலட்சமாவது விருந்தினத் தொழிலாளர் என்று கண்டறியப்பட்டார். இசை முழங்கிற்று. பூங்கொத்தும் ஒரு சிறு மோட்டார் வண்டியும் அவருக்குப் பரிசாக வழங்கப்பட்டன. அவ்வண்டி இன்று பான் நகரத்து வரலாற்றுக் காட்சிச் சாலைக்கு உரிய பொருள். வண்டி கொடுத்த நாடு வாக்குரிமை கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் அக்காலத்தில் அதற்கு எழவில்லை. 1913-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவரே ஜெர்மானியர். அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளியிற் படித்து, அம்மொழியையே பேசும் துருக்கியச் சிறுவனும் சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டானே.

அரசியலுக்கு அவர்க்கு எஞ்சிய இடம் எவ்வளவு? ஜெர்மன் அரசியற் சட்டம் கூட்டம் கூடும் உரிமையையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஜெர்மானியர்க்கே அடிப்படை உரிமையாக வழங்குகின்றது. அயல்நாட்டார்க்கு அவை சாதாரணச் சட்டத்தால் வருவன. 1965-ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டமோ, நாட்டின் நலனுக்கு வேண்டுமானால் அவர்தம் அரசியற் செயல்களைக் கட்டுப்படுத்தலாம் என்று கூறியது. தங்கும் அனுமதியைக் காலந்தோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டியவர், அதிகாரியின் மேசை முன் நிற்கும்போது எவ்வளவு துணிந்து பேசுவார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வாய்க்காலை ஓரிடத்தில் அடைத்தால் தண்ணீர் வேறு மடை தேடிப் பாயும். மேற்கு ஜெர்மனியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. திறந்திருந்த மடைகள் இரண்டு. ஒன்று தொழிற்சாலை. 1972-ஆம் ஆண்டின் சட்டம் அயல்நாட்டுத் தொழிலாளர் அனைவரும் தொழிற்சாலைக் குழுத் தேர்தலில் வேட்பாளராக நிற்க வழி செய்தது. நகராட்சித் தேர்தலில் வாக்கற்ற துருக்கியர் ஆலைத் தேர்தலில் நின்று வென்றனர். ஆனால் அவர்கள் எல்லாக் குறைகளையும் அவ்வழியே தீர்த்துக்கொள்ள முடியவில்லை. 1973 ஆகஸ்டில் கோலோன் நகரின் போர்டு மோட்டார்த் தொழிற்சாலையில், விடுமுறைக்கு ஊர் சென்று காலந்தாழ்த்தித் திரும்பிய ஏறத்தாழ 300 துருக்கியர் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது, ஆயிரக்கணக்கான துருக்கியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தொழிற்சங்கம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. ஒரு வாரத்திற்குள் போலீசார் தலையிட்டனர், வேலைநிறுத்தம் முறிந்தது. அவ்வாண்டு நவம்பரில் அரசாங்கம் புதிய ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டது.

மற்றொரு மடை தாயகம். துருக்கியின் இடதுசாரிக் கட்சி, வலதுசாரிக் கட்சி, சமயக் கட்சி எல்லாவற்றிற்கும் ஜெர்மன் நகரங்களில் கிளைகள் முளைத்தன. 1980-இல் துருக்கியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் அகதிகளாக வந்தோர் அவற்றிற்கு வலிமை சேர்த்தனர். குர்து மக்களின் போராட்டமும் அங்கே எதிரொலித்தது. ஜெர்மானியரும் இதனை ஒரு வகையில் ஊக்குவித்தனர் எனலாம். 1983-ஆம் ஆண்டின் ஒரு சட்டம், ஊர் திரும்ப இசையும் வேலையற்ற தொழிலாளர்க்கு 10,500 மார்க்கும், குழந்தை ஒன்றுக்கு 1,500 மார்க்கும் தர முன்வந்தது. "நீ திரும்பிப் போக வேண்டியவன்" என்று அரசே நாள்தோறும் நினைவூட்டும்போது, அவன் திரும்பிப் போகும் ஊரின் அரசியலைப் பேசுவதில் வியப்பென்ன?

இனிப் பிரான்சு. அந்நாட்டின் வழி வேறானது. 1889-ஆம் ஆண்டு முதலே பிரெஞ்சு மண்ணிற் பிறந்த பிள்ளைகளைப் பிரெஞ்சுக் குடிமக்களாக்கும் சட்டம் அங்கு உண்டு. பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருந்தது. ஆனால் பெற்றோர்க்கு வாய் கட்டப்பட்டிருந்தது. 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து ஆணை ஒன்றின்படி, அயல்நாட்டார் சங்கம் அமைக்க விரும்பினால் அரசாங்கத்திடம் முன்அனுமதி பெறுதல் வேண்டும். போர்க்காலத்தின் வாயிலிற் பிறந்த இவ்வாணை நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அல்ஜீரியர்களின் நிலை தனியானது. 1962-இல் அல்ஜீரியா விடுதலை பெறும் வரை அவர்கள் பெயரளவில் பிரெஞ்சுக் குடிகள். எனினும் 1961 அக்டோபரில் பாரிஸ் நகரப் போலீசுத் தலைவர் மோரிஸ் பாப்போன் அவர்கள் மீது மட்டும் இரவு நேர ஊரடங்கை விதித்தார். அதை எதிர்த்து 17-ஆம் நாள் அமைதியாக ஊர்வலம் வந்தவர்களைப் போலீசார் தாக்கினர், பலர் மாண்டனர், சிலர் உடல்கள் சேன் நதியில் மிதந்தன. பல்லாண்டுகள் மூடி மறைக்கப்பட்ட இக்கொடுமையைப் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒருவர் 2012-இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

சங்கம் அமைக்க இயலாதவர் என்ன செய்வர்? அவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். வாடகை கொடுக்க மறுத்தனர். வேலை அனுமதியையும் தங்கும் அனுமதியையும் இறுகப் பிணைத்த 1972-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைகளை எதிர்த்து, வட ஆப்பிரிக்கத் தொழிலாளர் பல நகரங்களில் உண்ணாநோன்பு நோற்றனர். 1975 முதல் சில ஆண்டுகள், தனித்து வாழும் தொழிலாளர்க்கென அரசு நிறுவனம் நடத்திய 'சோனகோத்ரா' விடுதிகளில் பெரும் வாடகை மறுப்புப் போராட்டம் நிகழ்ந்தது. பதிவு செய்த சங்கமோ சட்டப்படியான தலைவரோ அவர்க்கில்லை. விடுதிதோறும் குழுக்களை அமைத்துக் கொண்டனர். 1976-இல் அவர்தம் பிரதிநிதிகளுட் சிலர் நாடு கடத்தப்பட்டும் போராட்டம் ஓயவில்லை.

1981-இல் மித்தரான் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு அக்டோபர் 9-ஆம் நாள் சட்டம் பழைய ஆணையை நீக்கியது. அயல்நாட்டார் மற்றவரைப் போலவே சங்கம் அமைக்கலாம் என்றாயிற்று. சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் ஆயிரக்கணக்கான சங்கங்கள் எழுந்தன. மக்கள் மாறவில்லை, மாறியது ஒரு சட்டமே.

அதே காலத்தில் அடுத்த தலைமுறையும் வயதுக்கு வந்தது. 1983-இல் லியோன் நகரின் அருகே மிங்கெத் என்ற குடியிருப்பில் தூமி ஜைஜா என்னும் இளைஞர் போலீஸ்காரர் ஒருவரால் சுடப்பட்டு மருத்துவமனையிற் கிடந்தார். அங்கேதான் ஒரு நெடும் நடைப் பயணத்தின் எண்ணம் உருவாயிற்று. காந்தியடிகளும் மார்ட்டின் லூதர் கிங்கும் அதற்கு வழிகாட்டிகள். அக்டோபர் 15-ஆம் நாள் மார்சேல் துறைமுகத்திலிருந்து 32 பேர் புறப்பட்டனர். டிசம்பர் 3-ஆம் நாள் அவர்கள் பாரிசை அடைந்தபோது உடன் நடந்தவர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். மித்தரான் அவர்தம் பிரதிநிதிகளை வரவேற்றுப் பத்தாண்டு தங்கும் அனுமதிச் சீட்டை வாக்களித்தார். 1984 ஜூலையில் அது சட்டமாயிற்று. அந்நடைப் பயணத்தின் பெயரிலேயே ஒரு பொருள் உண்டு. 'சமத்துவத்திற்கான நடை' என்றுதான் அவர்கள் அழைத்தனர். சமத்துவம் என்பது பிரெஞ்சுக் குடியரசு நாணயங்களிற் பொறித்து வைத்திருக்கும் சொல். பிரெஞ்சுப் பள்ளியிற் கற்ற பிள்ளைகள் அச்சொல்லையே எடுத்துப் பிரெஞ்சு அரசின் முன் வைத்தனர்.

குடியரசின் முன் எல்லோரும் தனி மனிதர். இனமென்றும் சமயமென்றும் பிரிவுகளை அரசு காணாது என்பது பிரெஞ்சுக் கொள்கை. ஆகவே அங்கே எழும் பிணக்குகள் பெரும்பாலும் இக்கொள்கையின் எல்லையிலேயே எழுகின்றன. 1989-இல் கிரேய் நகரப் பள்ளியில் மூன்று முஸ்லிம் மாணவியர் தலைத்துணி அணிந்ததைப் பற்றி எழுந்த வாதம், 2004-இல் அரசுப் பள்ளிகளில் வெளிப்படையான சமயச் சின்னங்களைத் தடுக்கும் சட்டத்தில் முடிந்தது. பிரிட்டனிலோ, சீக்கியர் தலைப்பாகைக்காகப் போராடியபோது, மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணியும் விதியிலிருந்து 1976-இல் அவர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிரிவினரைப் பிரிவினராகவே ஏற்கும் நாட்டில் பிரிவின் பெயரால் கோரிக்கை எழுகின்றது. ஏற்காத நாட்டில் ஏற்கச் செய்வதே கோரிக்கையாகி விடுகின்றது.

மாணவர்களே, இதுவரை கூறியவற்றைக் கேட்டு நீங்கள் ஒரு தடை எழுப்பலாம். "பிரிட்டனுக்கு வந்தவர் மேற்கிந்தியர், ஜெர்மனிக்கு வந்தவர் துருக்கியர், பிரான்சுக்கு வந்தவர் அல்ஜீரியர். மக்கள் வேறாக இருக்கும்போது அரசியலும் வேறாகத்தானே இருக்கும்? சட்டம்தான் காரணம் என்று எவ்வாறு துணிவது?" நல்ல தடையே. இதற்கு விடை காண, ஒரே மனிதர் அல்லது ஒரே மக்கள் இரு சட்டங்களின் கீழ் வாழ்ந்த நிகழ்ச்சிகளைத் தேடவேண்டும்.

கிளாடியா ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1915-இல் டிரினிடாடிற் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே நியூயார்க் நகருக்குக் குடியேறியவர். அங்கே பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து கறுப்பரின் உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்தார். முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் அமெரிக்கா அவருக்குக் குடியுரிமை வழங்கவில்லை. அந்தக் குறையே ஆயுதமாயிற்று; அவரைச் சிறையிலிட்டு, 1955-இல் நாடு கடத்தினர். பிரிட்டிஷ் பிரஜை என்பதால் அவர் லண்டனுக்கு வந்தார். அதே மனிதர், அதே கொள்கை. ஆனால் லண்டனில் அவரை நாடு கடத்த எவராலும் இயலாது. 1958-இல் பிரிக்ஸ்டன் பகுதியில் மேற்கிந்தியர்க்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். நாட்டிங் ஹில் கலவரத்தின் புண்ணை ஆற்ற, 1959 ஜனவரியில் ஒரு மண்டபத்தில் மேற்கிந்தியக் கலைத் திருவிழா நடத்தினார். பிற்காலத்தில் லண்டன் வீதிகளில் பெருகிய திருவிழாவுக்கு அதனை முன்னோடி என்பர். 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தும் உழைத்தார். 1964-இல் மறைந்த அவருடைய கல்லறை ஹைகேட் இடுகாட்டில் கார்ல் மார்க்சின் கல்லறைக்கு அருகில் உள்ளது.

இனி ஒரே மக்களைப் பார்ப்போம். துருக்கியர் ஜெர்மனிக்கு மட்டுமல்லாமல் அடுத்துள்ள நெதர்லாந்துக்கும் சென்றனர். அந்நாடு ஐந்தாண்டுகள் வாழ்ந்த அயல்நாட்டார்க்கு நகராட்சித் தேர்தலில் வாக்குரிமை அளித்தது. 1986-இல் அவர்கள் முதன்முறையாக வாக்களித்தனர். துருக்கியர் நகராட்சி உறுப்பினராயினர். ஜெர்மனியில் ஹாம்பர்க், ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் ஆகிய இரு மாநிலங்கள் 1989-இல் இதனைச் செய்ய முயன்றபோது, 1990 அக்டோபர் 31-ஆம் நாள் அரசியற் சட்ட நீதிமன்றம் அச்சட்டங்களைச் செல்லாதவை என்று தள்ளிவிட்டது. எல்லைக் கோட்டின் இருபுறமும் ஒரே மொழி பேசும் ஒரே தொழிலாளர். ஒரு புறத்தில் வாக்காளர், மறு புறத்தில் விருந்தினர்!

ஜெர்மனியின் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை. 1992-இல் மோல்ன் நகரிலும், 1993-இல் சோலிங்கன் நகரிலும் துருக்கியர் வீடுகளுக்குக் கொடியவர்கள் தீ வைத்தனர். எட்டுப் பெண்களும் சிறுமியரும் உயிரிழந்தனர். "விருந்தினர்" என்ற பெயர் அவர்களைக் காக்கவில்லை என்பதை அந்நாடு உணர்ந்தது. குடியுரிமை கேட்கும் உரிமைக்கு 1991-இல் பதினைந்தாண்டு வாழ்க்கை தேவைப்பட்டது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அது எட்டாண்டாகக் குறைந்தது. அங்கே முறையாக வாழும் அயல்நாட்டார்க்குப் பிறக்கும் பிள்ளைகள் பிறப்பிலேயே ஜெர்மானியராக வழி பிறந்தது. 2024-இல் அது ஐந்தாண்டாயிற்று. பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நீங்கிற்று. துருக்கியத் தொழிலாளரின் மகனாகிய ஜெம் ஓஸ்டெமிர் 1994-இல் பார்லிமெண்டு உறுப்பினராகி, 2021-இல் மத்திய அமைச்சருமானார். தாயகத்தின் கட்சிகளைப் பற்றி மட்டும் பேசிய ஒரு தலைமுறையின் மக்கள், ஜெர்மன் கட்சிகளில் நின்று ஜெர்மன் பள்ளிகளைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசுகின்றனர்.

இக்கருத்தைத் தனி நிகழ்ச்சிகளோடு நிறுத்தாமல் முறையாக ஆராய்ந்தவரும் உளர். ரூட் கூப்மன்ஸ், பால் ஸ்டாத்தம் முதலியோர் பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் செய்தித்தாள்களில் குடியேறியோரின் கோரிக்கைகளைத் தொகுத்து ஒப்பிட்டு, 2005-இல் ஒரு நூல் வெளியிட்டனர். குடியுரிமைக்கு வழியடைத்த நாடுகளில் தாயக அரசியல் ஓங்குவதையும், வழி திறந்த நாடுகளில் வாழும் நாட்டின் அரசியல் ஓங்குவதையும் அவ்வாராய்ச்சி காட்டியது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. சட்டமே அனைத்தையும் ஆக்கிவிடுவதில்லை. தாயகத்தில் உற்றார் துன்புறும்போது எந்தக் குடியுரிமையும் அந்நினைவைத் துடைத்துவிடாது. 2009-ஆம் ஆண்டில் இலங்கைப் போரின் இறுதி நாட்களில், ஈழத் தமிழர் லண்டன் பார்லிமெண்டின் முன்னுள்ள சதுக்கத்தில் வாரக்கணக்கிற் கூடி நின்றனர். அவர்கள் பேசிய பொருள் தாயகத்தின் துயரம். ஆனால் அவர்கள் நின்ற இடத்தையும் பேசிய முறையையும் பாருங்கள். தம் தொகுதி உறுப்பினரிடம் வாக்காளராக அன்றோ பலரும் முறையிட்டனர்! தாயகப் பற்றும் கூட, வாழும் நாடு திறந்து வைத்த வாயிலின் வழியாகவே வெளிப்பட்டது.

சட்டம் குரலை உருவாக்குவது போலவே, குரலும் சட்டத்தை மாற்றுகின்றது என்பதும் உண்மை. பிரிஸ்டலில் நின்ற பஸ்களும், மார்சேலிலிருந்து நடந்த கால்களும் சட்டப் புத்தகத்திற் புதிய பக்கங்களை எழுதின. அதுபோலவே, பெற்ற உரிமை தானே நிலைத்துவிடும் என்பதும் இல்லை. பிரிட்டனில் 1973-க்கு முன் குடிகளாக வந்து வாழ்ந்த மேற்கிந்தியர் பலரிடம் பிற்காலத்தில் ஆதாரத் தாள்களைக் கேட்டு, அவை இல்லாதவர்க்கு வேலையும் மருத்துவமும் மறுத்தனர். சிலரை நாடு கடத்தவும் செய்தனர். 2018-இல் இஃது வெளிப்பட்டபோது அரசாங்கம் மன்னிப்புக் கோர நேர்ந்தது. அம்முதியவர்கள் எந்தக் கப்பலின் பெயரால் அறியப்பட்டனரோ, அதே 'விண்ட்ரஷ்' என்ற பெயரே அந்த அநீதிக்கும் இடப்பட்டது.

வரலாறு கற்கும் மாணவர்க்கு இதனால் பெறப்படும் பாடம் ஒன்றுண்டு. ஓர் ஊருக்குப் பிழைக்க வந்தவர்களைப் பற்றி, "இவர்கள் நம்மோடு ஒட்டுவதில்லை, எப்போதும் தங்கள் ஊர்க் கதையே பேசுகின்றனர்" என்று யாரேனும் குறை கூறக் கேட்டால், உடனே தலையசைத்துவிட வேண்டா. அவர்கள் இங்கே எதைப் பேச அனுமதிக்கப்பட்டனர், எந்த மன்றத்தில் அவர்க்கு இருக்கை உண்டு, அவர்தம் பிள்ளைகளைச் சட்டம் என்ன பெயரிட்டு அழைக்கின்றது என்று முதலிற் கேளுங்கள். இக்கேள்விகளுக்கு விடை கண்டபின் அவர்தம் இயல்பைப் பற்றிச் சொல்ல எஞ்சியிருப்பது மிகச் சிறிதே என்பதை அறிவீர்கள்.